புள்ளிக்குப் பின் மூன்று எழுத்து

நாரினில் மார்ச் மாதமும் பனிக்காலம்தான்.
நீரியல் அலுவலகத்தில் ஹீட்டர் ஒன்று, ஆட்கள் ஐந்து,
கணினி தெரிந்தவள் என்று பெயர் வாங்கியவள் நான்.

கடிதத்தின் ஓரத்தில் கிளிப் தெரிகிறது,
இணைப்பைக் காணோம்.
மேலே ஒரு பட்டையில் அறிவிப்பு:
ஆபத்தாக இருக்கக்கூடிய கோப்பு தடுக்கப்பட்டது.
இருக்கக்கூடிய.
அந்த ஒரு சொல்லில்தான்
கதவு சாத்திக் கிடக்கிறது.

"வந்ததா வரலையா?"
மேசையைத் தட்டுகிறார் டொக்டோசுன்.
வந்துவிட்டது. நாலு மெகாபைட் என்று
எடைகூடக் காட்டுகிறது.
கைக்குத்தான் வரவில்லை.

அனுப்பியவன் குபாத்.
பனியாற்றின் ஓரம் ஒரு தகரக் குடில்,
அவன், ஒரு நாய், நட்டு வைத்த அளவுகோல்கள்.
குளிர்காலம் முழுக்க அளந்த பனியைப்
பழைய அக்சஸ் கோப்பில் வரிசை வரிசையாக அடுக்கிச்
சாட்டிலைட்டில் ஏற்ற நாற்பது நிமிடம்.
பேட்டரி அதிலேயே பாதி போயிற்றாம்.

போனில் சொன்னேன்,
பெயரை மாற்றி இன்னொரு தரம் அனுப்பு.
என் குரல் வானம் சுற்றிப் போய்ச் சேர்ந்தது.
"என்ன பெயர்?"
எதுவாவது. வால் வேறாக இருந்தால் போதும்.
மறுபடி வானம்.
"பேட்டரி இல்லை, பெர்மெத்."

உள்ளே இருப்பது பனியா பாம்பா என்று
பார்ப்பதில்லை இந்த நிரல்.
பெயரின் கடைசியைப் பார்க்கும்,
புள்ளிக்குப் பின் மூன்று எழுத்து.
விசாரணை முடிந்தது.

எனக்கு இது புதிதில்லை.
என் பெயரின் நுனியிலிருந்து 'ஓவா'வை
அப்பா வெட்டியெறிந்தபோது எனக்கு ஒன்பது வயது.
அசனோவா போய் அசன் கிஸி, அசனின் மகள்.
தம்பி மாஸ்கோவுக்குக் கிளம்பும் முன்
வெட்டிப்போட்டதைத் தேடி ஒட்டிக்கொண்டான்,
கவுன்டரில் ஒரு கேள்வி குறையுமாம்.
ஆள் அதே ஆள்.
முன்பல் உடைந்த அதே சிரிப்பு.

மறுபடி வரப்போவதில்லை என்றால்
இந்தப் பக்கம்தான் திறக்க வேண்டும்.
நகல் எடுத்து வைத்துவிட்டு
ரெஜிஸ்ட்ரிக்குள் இறங்கினேன்.
உறைக்குள் உறை, அதற்குள்ளும் உறை,
ஓர் எழுத்து பிசகினால்
நாளைக் காலை இந்தப் பெட்டி எழுந்திருக்காது.
புதிதாக ஒரு வரி. அதில் விலக்குப் பெறும் வாலின் பெயர்.
அரைப்புள்ளி இட்டால் இன்னொன்றையும் விடலாம்,
இன்னும் ஓர் அரைப்புள்ளி, இன்னும் ஒன்று.

"எல்லாத்தையும் திறந்து விடேன், தொல்லை விட்டது"
என்கிறார் டொக்டோசுன்.
போன வருஷம் அவர் திறந்த ஒரு வாழ்த்து அட்டைக்காக
எங்கள் சம்பளம் இரண்டு வாரம் தூங்கியது.
வாயைத் திறக்கவில்லை நான்.
ஒன்றே ஒன்றை எழுதினேன்.

மூடித் திறந்தால்
கிளிப்புக்குப் பக்கத்தில் கோப்பு.
முதலில் வட்டில் சேமி, அப்புறம் திற என்கிறது.
சந்தேகம் தீரவில்லை அதற்கு.
இருந்துவிட்டுப் போகட்டும்,
வழி விட்டதே.

தேதி, ஆழம், அடர்த்தி, ஏரி மட்டம்.
போன வருஷத்தைவிடப் பதினொரு சென்டிமீட்டர் மேலே.
அந்த ஒற்றை எண்ணைத் தூக்கிக்கொண்டு
அடிவாரத்து ஊருக்குப் போன் போட
ஓடிவிட்டார் டொக்டோசுன்.

கடைசியில் யாரும் கேட்காத ஒரு பத்தி: குறிப்பு.
ஜனவரி 9, காற்று, கோல் கண்ணில் படவில்லை.
ஜனவரி 23, நாய் குட்டி போட்டது, ஐந்து.
பிப்ரவரி 2, ஆழம் 187. குட்டி மூன்று.
பிப்ரவரி 17, அளக்கவில்லை.
ஏன் என்று இல்லை.
அடுத்த நாள் வழக்கம்போல் எண்கள்.

ரெஜிஸ்ட்ரியில் எழுதியதை
வீட்டுக்குக் கிளம்பும்போது அழிக்கப் போனேன்.
அடுத்த மாதமும் அனுப்புவான், பேட்டரி இருந்தால்.
விட்டுவிட்டேன்.

பதில் எழுதினேன்:
கிடைத்தது.
குட்டிகள் இப்போது எத்தனை?

இணைப்பு ஏதும் வைக்கவில்லை.